வாசலில் இரண்டு முட்டைகள்

"வர்றவன் ஒருத்தன்தானே, அண்ணி? ரெண்டு முட்டை எதுக்கு?" என்று கேட்டார் ஒபோல்.

"ஒண்ணு ஒஜாராவுக்கு. இன்னொண்ணு லுக்வியாவுக்கு. அண்ணன் வந்த சேதி காதுல விழுந்தாலாவது சின்னவனுக்குக் காட்டை விட்டு வரத் தோணாதா?" என்றாள் அத்திம்.

லுக்வியாவைக் கலகக்காரர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தங்கள் படைக்குப் பிடித்துக்கொண்டு போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. என்றாலும் அவனுக்குரிய களிச்சட்டியை அத்திம் இன்றளவும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

வெளியூரில் நெடுநாள் இருந்து திரும்புபவன் வாசலில் வைத்த முட்டையை மிதித்து உடைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வெளியே ஒட்டிய கறை வெளியிலேயே நின்றுவிடும்.

குலவையொலி எழுந்தது. தலைநகர் கம்பாலாவில் அரசுப் படை அணிவித்த பதக்கம் மார்பில் மின்ன, ஒஜாரா வாசலில் வந்து நின்றான்.

"ரேடியோவுல கேட்டோம்டா!" என்று ஒபோல் அவன் தோளைத் தட்டினார். "குண்டு மழைக்கு நடுவுல மத்தவன் எல்லாம் ஆத்துமணல்ல முகத்தைப் புதைச்சுக் கிடக்க, நீ ஒருத்தன் எழுந்து ஓடி, கரைமேல இருந்த மெஷின்கன்காரனைச் சாய்ச்சியாமே! கோழி அறுக்கச் சொன்னா ஓடி ஒளிஞ்ச பயலாடா நீ!"

எல்லாரும் சிரித்தனர், ஒஜாரா சிரிக்கவில்லை.

"மிதிச்சுட்டு வா, ராசா. களி ஆறுது. எள்ளு அரைச்சு விட்ட கீரையும் இருக்கு" என்றாள் அத்திம்.

தூக்கிய காலை அவன் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"முட்டை போதாதும்மா. கசப்பு வேரை இடிச்சுக் கலக்கச் சொல்லு."

ஒபோல் வயிறு குலுங்கச் சிரித்தார். "பட்டாளத்துக்குப் போய் வழக்கத்தையே மறந்துட்டான் பாரு, அண்ணி! டேய், கொன்னவனும் செத்தவன் வீட்டு ஆளும் எதிரெதிரா மண்டிபோட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, பகை தீர ஒரே சுரைக்குடுக்கையில குடிக்கிறதுடா அது. போர்ல செத்தவனுக்கு எவனும் குடிக்கிறதில்ல. அப்படியே குடிக்கணும்னாலும், அந்தக் கலகக்காரனைப் பெத்தவளை எங்க போய்த் தேடுவே?"

அத்திமுக்கும் சிரிப்பு வரவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க. அவனும் நம்ம சனம்தானே? அவனைப் பெத்தவளும் இந்நேரம் வாசல்ல முட்டை வெச்சுக்கிட்டு எங்கேயோ காத்திருப்பா, பாவம்" என்றாள். பிறகு மகனை நோக்கி, "கிட்டப் போய் முகத்தைப் பார்த்தியாடா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன்."

ஒஜாரா பதக்கத்தைக் கழற்றி, உடையாத முட்டைகளுக்கு அருகே வைத்தான். தாய்க்கு எதிரே மண்டியிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீ சொன்னது சரிதாம்மா. வாசல்ல முட்டை வெச்சுக்கிட்டுத்தான் காத்திருக்கா. ஒண்ணு இல்ல, ரெண்டு."