முட்டித் தள்ளியவன்

"சூப்பர் ஸ்டாரா? இவனா?"

கார்மேகம் வெள்ளை பெயிண்ட் வாளியை ணங்கென்று தரையில் வைத்தார்.

துபாயில் அந்த மைதானத்து வாசலில் பெரிய பேனர் ஏறிக்கொண்டிருந்தது. '2007-ன் சூப்பர் ஸ்டார்' என்று போட்டு, ரக்பி லீக் ஆட்டக்காரன் டாரனின் படம். முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான். நாளைக்கு விழா. கிளப்பில் பட்டம் கொடுக்கிறார்கள்.

"நம்மூர்ல அந்தப் பட்டம் ஒரே ஒருத்தருக்குத்தான் வீரபாண்டி. மாடு மாதிரி முட்டுறவனுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தா அதுக்கு என்ன மரியாதை?"

தண்ணி லாரி ஓட்டும் வீரபாண்டி இங்கே வந்து மூன்று மாதம்தான். ஆட்டம் அவனுக்குப் பிடித்துப் போயிருந்தது.

"நம்ம கபடி மாதிரிதானண்ணே. எதிராளி ஆறு தடவை புடிக்கிறதுக்குள்ள கோட்டைத் தாண்டி பந்தை வச்சுறணும். இவரு ஓடுனா நாலு பேரு முதுகுல தொங்கிக்கிட்டே வர்றான். ஸ்டாருன்னு சொன்னா என்ன தப்பு?"

"கிழிச்சான். போன சீசன் பூரா கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்திருந்தான். நான் இங்க பதினோரு வருசமாக் கோடு போடுறேன். ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா? அவன் முட்டுனதுல ஒன்றரை மாசம் படுத்ததைத் தவிர?"

"உங்களை எதுக்குண்ணே முட்டுனாரு?"

"அதைத்தானப்பா ஒரு வருசமா நானும் கேக்குறேன். குனிஞ்சு கோடு போட்டுக்கிட்டிருந்தேன். பின்னால தடதடன்னு சத்தம். கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. காறை எலும்பு ரெண்டு துண்டு. கையில கட்டோட ஒரு கூடைப் பழத்தைத் தூக்கிக்கிட்டு மன்னிப்புக் கேக்க வந்தான். அப்படியே பக்கத்துப் படுக்கைக்காரன்கிட்டத் தள்ளிட்டேன். ஒரு ஆரஞ்சு தொடலையே நான்!"

அதற்கப்புறம் டாரன் எத்தனையோ முறை எதிரே வந்து "ஹலோ கார்மேகா" என்று கையை நீட்டியிருக்கிறான். கார்மேகம் ஆகாயத்தில் விமானம் தேடுவார்.

அன்றைக்கென்று பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் வந்து சேர்ந்தார். மலையாளி. கையில் சின்ன டேப் ரெக்கார்டர். டாரனுக்கு இந்தப் பட்டம் தகுமா, தகாதா என்று மைதானத்தில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

கார்மேகம் முன்னால் போய் நின்றார்.

"நான் சொல்றேன் சார். எம் பேரு, ஊரு, பத்தாக்கா கார்டு நம்பர் எல்லாம் போட்டே எழுதுங்க. ஒரு கூலிக்காரனைக் காரணமே இல்லாம முட்டி எலும்பை உடைச்சவன் சார் இவன்!"

பத்திரிகைக்காரரின் கண் விரிந்தது. "சத்யமாணோ சேட்டா? இது பேப்பரில் வந்தால் நாளை விழா இல்லை, கேட்டோ."

"இல்லாமப் போகட்டும் சார்."

அவர் டேப்பை அழுத்தப் போன நேரம், ஃபோர்மேன் கலீல் ரஹ்மான் மூச்சிரைக்க ஓடி வந்தார். கீழக்கரைக்காரர். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஒரு நிமிசம் சார்" என்றவர், கார்மேகத்தின் கையைப் பிடித்து ஸ்டோருக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"என்ன பாய், அவனுக்கு வக்காலத்தா?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம? முட்டுனான்."

"ஆமா, முட்டுனாரு. உன் தலைக்கு நேரா கோல் போஸ்ட்டு சாஞ்சு வந்துக்கிட்டிருந்துச்சு."

கார்மேகத்துக்குச் சிரிப்பு வந்தது. "நல்லாத்தான் கதை விடுறீங்க பாய்."

"வெள்ளிக்கிழமை. ஓவர்டைமுக்கு நீயும் நானும். தனியா பந்து உதைச்சுப் பழகிக்கிட்டு அவரு. வேற ஒரு ஈ காக்கா இல்ல. புதுசா நட்ட கம்பம், கான்கிரீட் இறுகலை. நாலு பக்கமும் கயித்தை இழுத்துக் கட்டித்தான் நிறுத்தியிருந்தோம். காத்து வேற. நான் கத்துறதுக்குள்ள அவரு அரை மைதானம் ஓடி வந்து உன்னைத் தூக்கி எறிஞ்சாரு. கம்பம் அவரு தோள்ல இறங்குச்சு. மறுநாள் ஆளுங்க வர்றதுக்குள்ள கிரேனைக் கூப்பிட்டு நான்தான் நிமித்துனேன்."

கார்மேகத்தின் சிரிப்பு நின்றது.

"இதை ஏன் பாய் இத்தனை நாளாச் சொல்லலை?"

"சொன்னா உன் வாயி சும்மா இருக்குமா? கேம்ப் பூரா தெரிஞ்சிரும். கம்பம் விழுந்துச்சுன்னு வெளியே தெரிஞ்சா சேஃப்டி ஆபீசர் முதல்ல என்ன கேப்பான்? கயித்தை அவுத்தது யாருன்னுதானே? அவுத்தவனுக்கு அன்னைக்கே விசா கேன்சல். டிக்கெட்டைக் கையில குடுத்து ஊருக்கு ஏத்திவிட்டுருவாங்க."

"கட்டி நிறுத்துன கம்பத்துல போயி எந்தக் கிறுக்குப் பய பாய் கயித்தை..."

பேச்சு பாதியில் அறுந்தது.

நீளக் கோடு போடுகிறவன் நேர் பிடிக்க ஒரு கயிறு கட்டித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. கண்ணெதிரே நாலு கயிறு இருந்தது. அஞ்சு நிமிஷ வேலைதானே, கோட்டைப் போட்டுவிட்டுத் திரும்பக் கட்டிவிடலாம் என்று...

கார்மேகம் ஸ்டோர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சேட்டா, வரூ" என்று அந்தப் பக்கமிருந்து பத்திரிகைக்காரர் கூப்பிட்டார்.

கலீல் ரஹ்மான் குரலைத் தாழ்த்தினார்.

"ஆக்சிடெண்ட் ரிப்போர்ட்டை எழுதினது நான்தான் கார்மேகம். அதுல உன் பேரு வந்துறக் கூடாதுன்னு, வலியில முனகிக்கிட்டே, 'ஓடி வந்து மோதினது என் தப்பு'ன்னு எழுதச் சொன்னது அவரு!"