தறிச் சத்தத்துக்குள்ளே

"உன்ற பொண்டாட்டி என்னைய வையறாடா, பூபதி!"

சௌந்திரம் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டே சொன்னாள். மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரஞ்சிதாவா? அவ வாயே தொறக்க மாட்டாளேம்மா!"

"ஊட்டுக்குள்ளதான் தொறக்க மாட்டா. தறிக்கொட்டாய்ல போய்ப் பாரு. தறி ஓட ஆரம்பிச்சா அவ வாயும் ஓட ஆரம்பிச்சிருது. ஊட்டுப் பக்கம் பாத்து 'அத்தை, அத்தை'ன்னு முக்கி முனகி என்னமோ சொல்றா. சன்னல் வழியா தெனமும் பாக்கறேன், வாயசைவுலயே தெரியுது. அந்தச் சத்தத்துல எவளுக்குக் கேக்கப் போவுதுங்கற தைரியம்!"

ஜலகண்டாபுரத்தில் அவர்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டாய். நாலு தறியும் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

கல்யாணமாகி இத்தனை மாதத்தில் ரஞ்சிதா சௌந்திரத்தை ஒரு தடவைகூட அத்தை என்று கூப்பிட்டதில்லை. 'ம்', 'சரிங்க', அவ்வளவுதான். சமையல் முடிந்தால் எதிரே வந்து நிற்பாள், தட்டைக் காட்டுவாள். நாமக்கல்லில் படித்த திமிர் என்று சௌந்திரம் முடிவுகட்டியிருந்தாள். திமிரைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். வசவையும் வாங்கிக்கொண்டு ஒரே வீட்டில் இருக்க முடியுமா? மகள் வீட்டுக்கே போய்விடுவது என்று கிளம்பிவிட்டாள்.

"அம்மா, அது வந்து... அவ உன்னையத் திட்டலம்மா..." பூபதி மென்று முழுங்கினான்.

"சப்பைக்கட்டு கட்டாத. வா, உன்ற காதுலயே கேளு!"

விறுவிறுவென்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். ரஞ்சிதா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது.

சௌந்திரம் வாசலில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டாள்.

தறிகள் படக்கென்று நின்றன. ரஞ்சிதாவின் வாயிலிருந்து கிளம்பிய பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"அ... அ... அத்... அத்தை, சாப்பிட வாங்க."

திரும்பிப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"திக்குவாய்ம்மா," என்றான் பூபதி. "'அ'ன்னு ஆரம்பிச்சாலே வார்த்தை வராது. 'அத்தைகிட்டச் சொல்லாதீங்க, நானே பழகி ஒருநாள் திக்காமக் கூப்பிடறேன்'னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. தறி ஓடறப்ப யாரும் கேட்டுச் சிரிக்க மாட்டாங்கல்ல? அதான் தெனமும் அங்க நின்னு பழகறா. ஆரம்பத்துல காத்துதாம்மா வந்துச்சு. இப்ப இவ்வளவு தூரம் வந்துட்டா."

அப்பாடா என்றிருந்தது சௌந்திரத்துக்கு. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது.

பூபதி சுவிட்சைப் போடப் போனான். தடுத்தாள்.

"இருக்கட்டும். இப்பக் கூப்புடு சாமி. எவ்வளவு நேரமானாலுஞ் செரி, நிக்கறேன்."

ரஞ்சிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அ..."

எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்த மகனைச் சௌந்திரம் முறைத்தாள்.

"அத்தை, சாப்பிட வாங்க!"

ஓர் எழுத்துகூட உடையவில்லை. ரஞ்சிதாவே நம்ப முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதா வந்துட்டேன் கண்ணு!"

வயிறு முட்டச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுத்தான் பையைக் கட்டவே ஆரம்பித்திருந்த சௌந்திரம், மறுபடியும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.