இரண்டாவது அளவு

நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.

தேவசகாயம் அண்ணன் அளவைச் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

கணக்குப் போட்ட பொறியாளர் அவள். அவள் தட்டவில்லை.

அணு உலையின் அந்தக் குழாயில், பற்றவைத்த இணைப்பு ஒன்றில், விரிசல். போன ஆண்டு ஆழம் இரண்டரை. அதற்கு முந்தைய ஆண்டும் இரண்டரை. வளர்ச்சி நின்றுவிட்டது என்றார்கள். அவள் மட்டும் கணக்குப் போட்டு, இந்த ஆண்டு பராமரிப்புக்காக உலையை நிறுத்தும்போது நான்கு புள்ளி இரண்டு இருக்கும் என்று எழுதிக் கொடுத்தாள். ஐந்தைத் தாண்டினால் குழாய் தாங்காது.

தூங்குகிற விரிசலை ஏனம்மா எழுப்புகிறாய் என்று சிரித்தார் தலைமைப் பொறியாளர் கோமதிநாயகம். ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் அளக்கச் சம்மதித்தார். பொய்த்தால் அவள் கணக்கு குப்பைக்கு. மற்ற இணைப்புகளை யாரும் பார்க்கப்போவதில்லை.

இப்போது பலித்துவிட்டது. புள்ளி பிசகாமல்.

அதுதான் உறுத்தியது.

எந்த விரிசலும் அவ்வளவு சொன்னபடி கேட்காது.

"அண்ணே, அளக்குறதுக்கு முன்னாடி என் கணக்குத் தாளப் பாத்தீங்களா?"

அவர் விரிசலை அளக்கும் ஒலிக்கருவியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திரையில் அலை நிலையாக நிற்கவில்லையாம். எந்த அளவில் நிறுத்திப் படிப்பது என்று தெரியவில்லையாம்.

"நீ ஜெயிக்கணும்னு நெனச்சேம்மா."

மறுபடி அளக்க வேண்டும் என்றாள்.

மறுபடி என்றால், இன்னொருவர் கதிர்வீச்சில் பன்னிரண்டு நிமிடம் நிற்க வேண்டும். அவளே போக முடியாது. எண் தெரியாதவர்தான் அளக்க வேண்டும்.

ஜெயித்த ஆட்டத்தை யாராவது கலைப்பார்களா என்று கேட்டார் கோமதிநாயகம். கேட்டுவிட்டு, பக்கத்து உலைக்குப் போன் செய்தார்.

இசக்கிராஜ் வந்தான். ஒரு குழாய்க்கு எத்தனை டாக்டர் என்று முணுமுணுத்தபடி கையுறை மாட்டினான். யாரும் அவனிடம் எந்த எண்ணையும் சொல்லவில்லை.

கதவு மூடியது.

பன்னிரண்டு நிமிடம்.

இரண்டரை என்று வந்தால்?

அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

கதவு திறந்தது.

"நாலு புள்ளி அஞ்சு. நல்லாவே வளந்திருக்கு மேடம்."

புள்ளி மூன்று தவறு.

இவ்வளவு அழகான தவறை அவள் இதுவரை செய்ததில்லை. சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. தேவசகாயம் அண்ணனும் சிரித்தார், தரையைப் பார்த்தபடி.

குழாயை வெட்டி மாற்ற உத்தரவு எழுதினார் கோமதிநாயகம். எழுதி முடித்தும் பேனாவை மூடவில்லை.

"அடுத்து எது?"

"பதினேழு, சார்."

இந்த ஆண்டுப் பட்டியலில் பதினேழாவது இணைப்பு இல்லை. அவர் அதைச் சேர்த்து எழுதினார்.

எவ்வளவு இருக்கும் என்று கேட்க வாயெடுத்தார்.

இசக்கிராஜ் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

கேட்கவில்லை.