செவலையின் முதுகு

வீட்டு நாய் புருனோ நாலு காலையும் வானத்துக்குத் தூக்கி, வயிற்றைக் காட்டியபடி மல்லாந்து கிடந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற தெருநாய் செவலை, தன்மானத்துக்கென்றே பிறந்த ஜென்மம். அதற்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னடா கோலம் இது? முதுகுல உண்ணி கடிக்குதா?”

“இல்லண்ணே. இப்படிக் கிடந்தா, ‘என்மேல எவ்வளவு நம்பிக்கை பாரு’ன்னு எசமான் உருகிடுவாரு. அப்புறம் கறிதான்.”

“த்தூ! ஒரு துண்டுக் கறிக்கு வயித்தைக் காட்டுறதா? பட்டினியா செத்தாலும் நாங்க குப்புறப் படுத்துத்தான்டா சாவோம்!”

அதற்குள் எசமான் வந்தார், உருகினார், புருனோவுக்கு நல்லி எலும்பு கிடைத்தது. மிச்சத் தட்டோடு அவர் கேட் பக்கம் திரும்பினார்.

செவலை மெல்லப் புரண்டது. நாலு காலும் வானத்துக்குப் போயின.

மதிலில் உட்கார்ந்திருந்த பூனை எட்டிப் பார்த்தது. “என்னண்ணே இது?”

“உண்ணி,” என்றது செவலை. “முதுகெல்லாம் ஒரே உண்ணி.”