கடைசி இரண்டு பலகைகள்

சோங்டோ நகரில் நடந்த உலகப் புள்ளியியல் மாநாட்டுக்கு, நாடுகளின் பெயர்ப் பலகைகளை, பிரதிநிதிகள் எண்ணிக்கை அட்டவணையிலிருந்து அப்படியே அச்சடித்தவன் நான்தான். அட்டவணையின் கடைசி இரண்டு வரிகளும் பலகைகளாகிவிட்டன: 'பிற நாடுகள்', 'மொத்தம்'.

"கியூசோ, மூளையை எங்கடா அடகு வெச்சே?" என்றார் மேலாளர் மேங். "கூட்டம் தொடங்குறதுக்குள்ள ரெண்டையும் எடு. இல்லேன்னா உன் வேலை காலி."

மண்டபம் நிறைந்திருந்தது. 'பிற நாடுகள்' பலகைக்குப் பின்னால் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் தொங்கிய அட்டையிலும் 'பிற நாடுகள்' என்றே இருந்தது. அந்த அட்டையை நான் அச்சடிக்கவில்லை.

அவருடைய பலகையைத் தொடாமல், பக்கத்து 'மொத்தம்' பலகையைத் தூக்கினேன்.

"அதை எடுக்காதீங்க தம்பி," என்றார். "அது போற இடத்துக்கு நாங்க எல்லாரும் போகணும். காபி வேற இன்னும் ஆறல."

எனக்கு வேலை முக்கியம். பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, துடைப்பம் வைக்கும் அறைக்கு நடந்தேன். பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. நூற்று இருபது பிரதிநிதிகளும் கையில் கோப்பையோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.