இரவல் வயது

எதிரே உட்கார்ந்திருந்தவர் மறுபடியும் அவள் கைகளைப் பார்த்தார்.

ரோஸ்வித்தா கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். மாட்டிய பிறகுதான், இந்தப் புழுக்கத்தில் கையுறை எதற்கு என்று அவர் யோசிப்பாரே என்று உறைத்தது. இனிக் கழற்றவும் முடியாது.

ரயில் மாக்டபுர்க்கைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தது. அடுத்து எல்லை. அதைக் கடந்தால் மேற்கு ஜெர்மனி.

பெட்டி முழுக்க வயதானவர்கள். கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்கே போய்வர அவர்களுக்குத்தான் தாராள அனுமதி. உழைத்து ஓய்ந்தவர்கள் திரும்பி வராவிட்டால் அரசாங்கத்துக்கு ஓய்வூதியம் மிச்சம். ஆணுக்கு அறுபத்தைந்து ஆகியிருக்க வேண்டும், பெண்ணுக்கு அறுபது.

ரோஸ்வித்தாவுக்கு நாற்பத்திரண்டு.

மேற்கே, ஹனோவரில், மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பார்க்கப் போகிறேன் என்று போட்ட மனுவெல்லாம் திரும்பி வந்துவிட்டது. கடைசியில் சித்தி கெர்லிண்ட்தான், “என் முகம்தானே உனக்கும், எடுத்துட்டுப் போ” என்று தன் கடவுச்சீட்டைக் கையில் திணித்தாள். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் சிறை.

தலைக்குச் சாம்பல் பூச்சு. சித்தியின் கோட்டு, சித்தியின் தொப்பி. கூன் போட்டு நடக்கவும், படிக்குப் படி நின்று மூச்சு வாங்கவும் வீட்டுக்குள்ளேயே பழகியிருந்தாள். ஏறும்போது பையைத் தூக்கிவிடக்கூட ஆள் பிடித்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்த மனிதர் எதிரே வந்து உட்காரும்வரை.

ஜன்னலோரத்து ட்ரோகர் அம்மாள் அவரிடம் கேக் டப்பாவை நீட்டினாள். “எடுத்துக்குங்க ஐயா. போகும்போது நாம கேக் கொண்டு போறோம், வரும்போது அவங்க காப்பித்தூள் கொடுத்து அனுப்புறாங்க. நம்ம நாட்டு ஏற்றுமதி இறக்குமதியே எங்களை மாதிரிக் கிழவிங்களாலதான் நடக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கேக்கையும் எடுக்கவில்லை.

இந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரிக்காமல், பேசினவர் முகத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்கிறவர்கள் ரகசியப் போலீஸின் ஆட்கள் என்று அந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியும்.

“நீங்க யாரைப் பார்க்கப் போறீங்கம்மா?” என்று அவளைக் கேட்டார்.

“மகளை.”

வாயிலிருந்து விழுந்துவிட்டது. சித்திக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அவர் மெல்லத் தலையாட்டினார். மனசுக்குள் குறித்துக்கொள்கிற தலையாட்டல்.

ரயில் நின்றது. கீழே நாய்கள் சக்கரங்களை மோப்பம் பிடிக்கும் சத்தம். கழுத்தில் தொங்கும் பலகையில் முத்திரைகளை அடுக்கிக்கொண்டு, மீசை சரியாக அரும்பாத ஒரு காவலன் உள்ளே வந்தான்.

அவள் கடவுச்சீட்டை வாங்கினான். படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

“யார்கிட்ட போறீங்க?”

“அக்கா பேத்திகிட்ட, தம்பி.”

எதிர்ப்பக்கம் அவள் கண்ணைத் திருப்பவே இல்லை. இரண்டு பதிலையும் கேட்டவர் அங்கே உட்கார்ந்திருந்தார். இப்போது வாயைத் திறப்பார், இதோ திறப்பார் என்று காத்திருந்தாள்.

அவர் திறக்கவில்லை.

காவலன் சுங்கத் தாள்களை எல்லோருக்கும் கொடுத்தான். என்ன கொண்டு போகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்துத் தொலைத்தால் விட்டுவிடுவான் என்ற அவசரத்தில் அவள் கடகடவென்று எழுதினாள். பெயர், ஊர், பையில் உள்ள சாமான்கள்.

பாதி எழுதிய பிறகுதான், பெட்டியில் தன் பேனா ஒன்றுதான் ஓடுகிறது என்று தெரிந்தது.

மற்றவர்கள் இன்னும் தொடங்கவே இல்லை. ஒருவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். ஒருத்தி மூக்குக்கண்ணாடியின் உறையைத் திறக்க முடியாமல் திணறினாள். ட்ரோகர் அம்மாள் கேக் டப்பாவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

நடையை மாற்றினாள், மூச்சை மாற்றினாள். கண்ணை மறந்துவிட்டாள்.

“இந்தப் பொடி எழுத்தை எப்படிப் பாட்டி படிக்கிறீங்க?” காவலன் குனிந்தான். “எங்கம்மாவாலேயே முடியாதே.”

எதிரே இருந்தவர் இப்போது அசைந்தார்.

“படிச்சா எழுதுறாங்க? குத்துமதிப்பா எழுதுறாங்க, தம்பி. பாதி தப்பாத்தான் இருக்கும், வேற தாள் கொடுங்க.” தன் தடித்த பிரேம் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். “இந்தாங்கம்மா, போட்டுக்கிட்டு முதல்லேருந்து எழுதுங்க. நான் அப்புறம் எழுதிக்கிறேன்.”

பொறி இதுதான் என்று நினைத்தாள். கிழவரின் கண்ணாடியைப் போட்டால் அவளுக்கு எழுத்தெல்லாம் கரைந்துபோகும். பேனா தடுமாறும். கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

காவலன் வேறொரு தாளைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். வேறு வழியில்லை. போட்டுக்கொண்டாள்.

எழுத்து கரையவில்லை.

பெரிதாகவும் இல்லை, மங்கவும் இல்லை. எறும்பு வரிசை மாதிரி இருந்தபடியே இருந்தது. வெறும் ஜன்னல் கண்ணாடிச் சில்லு.

அவள் நிமிர்ந்தாள். கண்ணாடி உட்கார்ந்திருந்த இடத்தில், அவர் மூக்கின் மேல் பூச்சு அழிந்து, தோல் பளிச்சென்று இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. காவலன் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நடுங்குகிற எழுத்தில், ஆனால் நிற்காமல், எழுதி முடித்தாள். கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் வைத்து, அவர் மாட்டிக்கொள்ளும்வரை காவலனின் முன்னால் தாளை நீட்டிப் பிடித்திருந்தாள்.

பிறகு இரண்டு கண்களையும் கசக்கிக்கொண்டு, காவலனுக்கும் கேட்கும்படிச் சொன்னாள்:

“உங்க கண்ணாடி ரொம்பப் பவர் ஐயா. எனக்குத் தலையே சுத்துது.”