எட்டாவது வட்டம்

அவள் கழுத்தில் நெப்டியூன் தொங்கியது.

நீல ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய அட்டை. அறிவியல் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் எட்டு வட்டங்கள் போட்டிருந்தார்கள்.

நடுவில் சூரியன். உயரமான ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் சேர்ந்து அவள் கணவனைத் தள்ளிவிட்டார்கள். சூரியன் மட்டும் இடத்தை விட்டு நகரக் கூடாது. அதுதான் முதல் விதி.

முதல் வட்டத்தில் புதன். ராஜகனி டீச்சர். அவன் வேலை பார்க்கும் அதே பள்ளி, அவன் ஏறும் அதே பஸ். முன்பெல்லாம் வீட்டில் தினமும் அந்தப் பெயர் அடிபடும். ஒரு மாதமாக அவன் அதைச் சொல்வதே இல்லை.

அதுதான் உறுத்தியது.

புதன் அட்டையை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். குழாயடியில் அவனுக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் கடைசி அட்டைதான் மிச்சம் இருந்தது.

விசில் அடித்தால் புதன் ஒரு முழுச் சுற்று. நெப்டியூன் ஓர் அடி. கணக்குப்படி அதுவே அதிகமாம்.

ஆரம்பிக்கும்முன் பயிற்சியாளர் கேட்டார். சூரியன் இத்தனையையும் இழுக்கிறதே, ஒன்றும் போய் விழவில்லையே, ஏன்?

அவள்தான் பதில் சொன்னாள். வருடா வருடம் எட்டாம் வகுப்பில் சொல்வது. சூரியன் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கோள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் பாதை வளைகிறது. அவரவர் பாதை அவரவருக்கு, அதனால் மோதலும் இல்லை.

இழுப்பு நின்றுபோனால்?

நேர்கோட்டில் போய்விடும், சார்.

கைதட்டினார்கள். அவன் சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தான்.

விசில். ஓர் அடி.

விசில். ஓர் அடி.

வெயில் ஏறியது. ஏழு வட்டங்களுக்கு அப்பால் புதன் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சுற்றில் ராஜகனி நடை நிற்காமல் கையை மட்டும் நீட்டினாள். அவன் பாட்டிலைக் கொடுத்தான். அவள் வாய் வைத்துக் குடித்தாள். அடுத்த சுற்றில் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் துடைக்கவில்லை. அப்படியே வாய் வைத்துக் குடித்தான்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அவள் குடித்த டம்ளரை அவன் ஒரு நாளும் கழுவாமல் எடுத்ததில்லை. எச்சில் ஆகாது அவனுக்கு. அவன் அம்மாவின் எச்சில்கூட.

அது அவள் பிடித்து வந்த தண்ணீர்.

விசில் அடித்தது. அவள் நின்றுவிட்டாள்.

"நெப்டியூன் மேடம், நின்னீங்கன்னா நேரா சூரியன்லதான் போய் விழுவீங்க! நடங்க, நடங்க!" பயிற்சியாளர் குரல் கொடுத்தார்.

மைதானமே சிரித்தது. சூரியனும் சிரித்தான், கையில் பாட்டிலோடு.

அவள் நடந்தாள்.

சுண்ணாம்புக் கோடு இடது பக்கம் வளைந்தது. அவள் வளையவில்லை. சைக்கிள் ஷெட்டைத் தாண்டினாள். குழாயடியைத் தாண்டினாள். எதிரே பள்ளிக்கூட கேட், அதற்கு அப்பால் பஸ் போகிற ரோடு.

திரும்பிப் பார்க்கவில்லை.

காது மட்டும் பின்னாலேயே இருந்தது, யாராவது ஓடி வருகிறார்களா என்று.